சுவரைத் தாண்டி வருபவர்கள்

வணக்கம்.

அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் நாடகக் கலையையே மாற்றியவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ எனக்குக் கல்லூரியில் பாடம். அமெரிக்கக் கனவின் சரிவு என்று தேர்வில் நாலு பக்கம் எழுதியதோடு சரி, மனதில் ஒட்டவில்லை. வயதான விற்பனைப் பிரதிநிதிக்கு வேலை போகிறது, சாகிறார். இதில் அவர் எதை மாற்றினார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நோட்ஸ் வழியாக வந்த நாடகம் ஒட்டாமல் போனதில் வியப்பில்லை. கதையும் நீங்கள் சொன்ன அளவுதான்.

பிரதியை மறுபடி எடுத்தால் வசனத்தை விட்டுவிட்டு மேடைக் குறிப்புகளைப் படியுங்கள். அந்த விற்பனைப் பிரதிநிதி வில்லி லோமனின் புரூக்ளின் வீட்டுக்கு மேடையில் சுவர்கள் கிடையாது; இருப்பதாகப் பாவனைதான். நிகழ்காலக் காட்சிகளில் எல்லோரும் ஒழுங்காகக் கதவு வழியே வருவார்கள். வில்லியின் நினைவில் நடப்பது என்றால் சுவரை ஊடுருவி நடந்து வந்துவிடுவார்கள். மில்லர் முதலில் யோசித்த தலைப்பே ‘அவன் தலைக்குள்’ என்பதுதான்.

1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில், எலியா கசான் இயக்கத்தில் முதல் காட்சி. மாடியறையில் போர்த்திப் படுத்திருக்கும் வளர்ந்த மகன்கள் இருவரும் சற்று நேரத்தில், வில்லியின் நினைவில், கீழே பள்ளிப் பையன்களாக வந்தாக வேண்டும். அரங்கை அமைத்த ஜோ மீல்சினர், கட்டில்களுக்குள்ளேயே லிஃப்ட் வைத்து, பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் அவர்களை இறக்கிவிட்டார். எனக்கு அந்த நாடகத்தில் மிகவும் பிடித்த வேலை அது. நாடகம் 742 காட்சிகள் நடந்தது.

நினைவை மேடையேற்றியதில் மில்லர் முதல் ஆள் இல்லை. டென்னசி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’ அதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்கும் மேடை மீல்சினர்தான். ஆனால் அங்கே ‘இது என் நினைவு’ என்று சொல்ல ஒருவர் நிற்கிறார். மில்லர் அந்த ஆளை எடுத்துவிட்டார். இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்பு, ‘ஆல் மை சன்ஸ்’ நாடகத்தில், வீட்டை வீடாகவே மேடையில் காட்டிய நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் வழியில், நல்ல மாணவராகக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர்தான்! இன்று எந்த ஊர் மேடையிலும் பழைய காலம் அனுமதி கேட்காமல் உள்ளே வந்தால், இங்கிருந்து ஒரு நூல் அங்கே போகிறது என்பேன்.

முதல் அங்கத்தில் வில்லி பக்கத்து வீட்டு சார்லியுடன் சீட்டாடுகிறார். இறந்துபோன அண்ணன் பென் வந்து நிற்கிறார். வில்லி இருவருக்கும் பதில் சொல்கிறார். சார்லிக்குப் பாதி பேச்சு புரிவதில்லை, தன்னை பென் என்றா கூப்பிட்டாய் என்று கேட்கிறார். அந்தக் காட்சியை இரண்டு நண்பர்களோடு உரக்கப் படித்துப் பாருங்கள். சார்லியின் பகுதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.