அதே ஆறு ஸ்வரம், ஆனால் மார்வா ஏன் இப்படி?

கேள்வி: பல வருடமாக வயலின் பழகுகிறேன், ஹம்சானந்தி ராகம் நன்றாக வாசிப்பேன். போன கிழமை உஸ்தாத் அமீர்கான் பாடிய இந்துஸ்தானி ராகம் மார்வா கேட்டேன். எழுதிப் பார்த்தால் அதே ஆறு ஸ்வரங்கள், ஆனால் கேட்டு முடித்தும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பொழுதுபடும் நேரத்து ராகம் என்பதாலா?
- வாசகி, உப்புவெளி

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, தங்கச்சி. ஸட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம், பஞ்சமம் இல்லை. இந்த ஆறையும் வைத்தே வடக்கில் மூன்று ராகம் பாடுகிறார்கள். சோஹ்னி மேல் ஸட்ஜத்தைச் சுற்றித் துள்ளும், பின்னிரவுக்கு உரியது, நம்முடைய ஹம்சானந்திக்குக் கிட்டத்தில் இருப்பது அதுதான். பூரியா கீழ் ஸ்தாயியில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மார்வாவுக்கு உயிர் ரிஷபமும் தைவதமும். ஸட்ஜத்தை அது ஒளித்து வைக்கிறது. தம்புரா பின்னால் ஸ, ஸ என்று சொல்லிக்கொண்டே இருக்க, பாடுபவர் அதற்கு அரை ஸ்வரம் மேலே ரிஷபத்தில் போய் நின்றுவிடுவார், இறங்கவே மாட்டார். வழக்கமாகப் பஞ்சமம் பேசுகிற தந்தியையும் பெரும்பாலும் நிஷாதத்துக்கு மாற்றிவிடுவார்கள், ஆக சாய்ந்துகொள்ள ஒரு இடமும் இல்லை. ஹம்சானந்தியில் நாம் அடிக்கடி ஸட்ஜத்துக்கு வந்து இளைப்பாறுகிறோமே, அந்த ஆறுதல் இங்கே கிடையாது. உங்கள் மனம் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கீழ் நிஷாதத்தில் தொடங்கி ஸட்ஜத்தைத் தொடாமல் நி ரி க ம த என்று ஏறுங்கள், தைவதத்தில் நில்லுங்கள், த ம க ரி என்று இறங்கி, ரிஷபத்தில் கமகம் போடாமல் வில் முடியும்வரை இழுங்கள். இப்படி ஐந்து நிமிடம் வாசித்த பிறகு ஸட்ஜத்தைத் தொடுங்கள், தோள் தானாக இறங்கும்.

சரி, நேரம்? இரவும் பகலும் சந்திக்கிற வேளைக்குரிய இப்படியான ராகங்களை சந்திப்பிரகாச ராகங்கள் என்பார்கள். இது வடக்குக்கு மட்டும் உரிய எண்ணம் இல்லை. தேவாரப் பண்களையும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்றுதான் பிரித்தார்கள். சம்பந்தர் நம் திருக்கோணமலைக் கோணேசருக்குப் பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது, அது பகற்பண், ஓதுவார்கள் விடியற்கால ராகமான பூபாளத்தில் பாடுவார்கள். நேரம் மட்டுமே ராகத்தைச் செய்துவிடாது, ஆனால் கேட்கிற மனதை அது தயார்ப்படுத்துகிறது என்பதை நான் முழுதாக நம்புகிறேன்.

உப்புவெளிக் கரையில் சூரியன் உதிப்பதைத்தான் பார்க்கலாம். மார்வாவுக்கு நீங்கள் உட்துறைமுகப் பக்கம் வரவேண்டும். ஒருநாள் பின்னேரம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் வந்து, தண்ணீர் செம்மஞ்சளாக இருக்கும்போதே அமீர்கானைத் தொடக்கத்தில் இருந்து கேளுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். அப்புறம் பூரியாவையும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.