டிப்ளமோ முடிச்சுட்டு கப்ளிங் மாட்டறானேன்னு கவலைப்படற அப்பாவுக்கு

அண்ணா, மூணு வருஷம் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்க வெச்சும் பையன் மெயின்டனன்ஸ்ல கப்ளிங் கழட்டி மாட்டிட்டு கையெல்லாம் கிரீஸோட வர்றான்னு சொன்னீங்க, உங்க வருத்தம் புரியுதுங்க, ஆனா அவசரப்பட்டு வேலையை விடச் சொல்லிடாதீங்க.

மோட்டார் ஷாஃப்ட்டும் (சுத்தற தண்டு) பம்ப் ஷாஃப்ட்டும் எவ்வளவு பார்த்துப் பார்த்து வெச்சாலும் அச்சு அசலா ஒரே நேர்ல நிக்காது, ஓடி சூடானா இன்னும் கொஞ்சம் நகரும், ரெண்டையும் இணைச்சு அந்த வித்தியாசத்தையும் தாங்கத்தான் ஃப்ளெக்ஸிபிள் கப்ளிங். சின்ன மோட்டார்னா ஸ்பைடர் கப்ளிங், லவ்ஜாய்னு கேட்டாலே கடைல எடுத்துக் குடுத்துடுவாங்க, நடுவுல நட்சத்திரம் மாதிரி ரப்பர் இருக்கும். பம்ப்ல பின் புஷ் கப்ளிங் நிறைய பார்க்கலாம், பின்னு மேல ரப்பர் புஷ் மாட்டியிருக்கும், இழுத்து இழுத்து ஓடற லோடுக்கு டயர் கப்ளிங். ஸ்டீல் மில் மாதிரி பெரிய டார்க் (சுத்தற விசை) வர்ற இடத்துல கியர் கப்ளிங், அதுல கிரீஸ் காய்ஞ்சா பல்லு தேஞ்சிரும். டர்பைன் மாதிரி வேகமா சுத்தறதுக்கு டிஸ்க் கப்ளிங், மெல்லிசு ஸ்டீல் தகடுதான் வளைஞ்சு குடுக்கும், கிரீஸே வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம். கப்ளிங்கை மூடியிருக்கற கார்டைக் கழட்டினா கீழ கறுப்பா ரப்பர் பொடி கொட்டியிருக்கும் பாருங்க, அதைத் தொடைச்சுட்டு புது புஷ் போட்டு ஓட்டி விடறது யார் வேணா செய்வாங்க, அது ஏன் தேஞ்சதுன்னு தேடறவன்தான் நாளைக்கு இன்ஜினியர் லெவலுக்கு வருவான். மோட்டாரோட ஒரு கால் பேஸ்ல சரியா உக்காரலேன்னா போல்ட்டை இறுக்கும்போதே அலைன்மென்ட், அதாவது ரெண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்ல நிக்கறது, போயிரும், அங்க ஷிம்னு மெல்லிசு தகடு வைக்கணும், எவ்வளவு விலகியிருக்குன்னு முள்ளால காட்டற டயல் கேஜ் போட்டுப் பார்க்கணும். ஃப்ளெக்ஸிபிள்னு பேர் இருக்கறதால எப்படி மாட்டினாலும் தாங்கும்னு நினைச்சா முதல்ல ரப்பர் போகும், அப்புறம் பேரிங், சீல்னு வரிசையா போகும்.

அதனால பையன் முதல்ல டயல் கேஜ்ல கை பழகட்டும், அப்புறம் லேசர் அலைன்மென்ட், அடுத்து வைப்ரேஷன் அனாலிசிஸ், அதாவது மெஷினோட அதிர்வை அளந்து கோளாறைக் கண்டுபிடிக்கறது. அதுக்கு ஐஎஸ்ஓ 18436-2ன்னு ஒரு சர்வதேச தரம் இருக்கு, அதுபடி 4 கேட்டகரி சர்டிபிகேட் தர்றாங்க, முதல் கேட்டகரில ஆரம்பிக்கலாம். 1440 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1440 சுத்து) மோட்டார்னா நொடிக்கு 24 சுத்து, அதோட ரெட்டிப்பு 48 ஹெர்ட்ஸ்ல அதிர்வு தூக்கலா வந்தா முதல்ல அலைன்மென்ட்டை சந்தேகப்படணும், இதெல்லாம் கப்ளிங்கைத் தொட்டுப் பழகினவனுக்கு சட்டுன்னு பிடிபடும்ங்க.

இன்னிக்கே ஒரு நோட்டு போடச் சொல்லுங்க, எந்த மெஷின், என்ன கப்ளிங், எது தேஞ்சது, மாத்தறதுக்கு முன்னாடி டயல் என்ன காட்டுச்சு, பின்னாடி என்ன காட்டுச்சு, தேதியோட. அடுத்த இன்டர்வியூக்கு அந்த நோட்டையும் கொண்டு போகட்டும்.