நள்ளிரவில் ஒரு தேசம் பேசிக்கொண்டிருந்தது

வாசகர் கேள்விகள், ஆசிரியர் பதில்கள்

கேள்வி (வாசகர், திருச்சி): அமெரிக்காவில் பணியாற்றிய நாள்களில் கேட்ட விளையாட்டுப் பேச்சு வானொலியை இன்றும் நினைத்து ஏங்குவதாகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் நேர்முக வர்ணனைதான். ஆட்டமே நடக்காத நேரத்தில் வானொலியில் விளையாட்டைப் பற்றி என்ன பேசுவார்கள்? அது எப்படித் தொடங்கியது?

பதில்: நேற்று நடந்த ஆட்டத்தையும் நாளை நடக்கவிருப்பதையும் பற்றித்தான் பேசுவார்கள். தொகுப்பாளர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு இலவசத் தொலைபேசி எண்ணை அறிவிப்பார். அதன்பின் நேயர்கள் ஒவ்வொருவராக வந்து மறுத்தும் ஆமோதித்தும் கோபித்தும் பேசுவார்கள். நம் ஊர்த் தேநீர்க் கடை வாசலில் ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் நடக்கும் வாக்குவாதத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். அதையே ஒரு கண்டம் முழுவதற்கும் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அது.

இசை கேட்பவர்கள் ஒலித்தெளிவை நாடி எஃப்.எம். பக்கம் போய்விட்டதால், 1980களில் மத்திய அலை நிலையங்கள் புதிய பிழைப்பைத் தேட வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வழியாக ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர் நிலையங்களுக்கு அனுப்பும் வசதியும் அப்போது வந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த முதல் பெரிய முயற்சி எண்டர்பிரைஸ் ரேடியோ. ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியைத் தந்தையுடன் சேர்ந்து நிறுவிய ஸ்காட் ராஸ்முசன் 1981 ஜனவரி 1 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் அதைத் தொடங்கினார். பணம் போதாமல் அதே ஆண்டு செப்டம்பரில் அது மூடப்பட்டது. நாடு தழுவிய விளையாட்டு வானொலி என்ற எண்ணமே அத்துடன் அடங்கிவிட்டதாகத்தான் அப்போது தோன்றியிருக்கும்.

அந்த எண்ணத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது நியூயார்க். 1987 ஜூலை 1 அன்று, அதுவரை கன்ட்ரி இசை ஒலிபரப்பிவந்த 1050 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், நாள் முழுவதும் விளையாட்டைப் பற்றி மட்டுமே பேசும் டபிள்யூ.எஃப்.ஏ.என். நிலையம் பிறந்தது. அதில் முதலில் ஒலித்தது சூசன் வால்ட்மன் என்ற பெண்ணின் குரல் என்பதை, விளையாட்டை ஆண்களின் கோட்டையாகவே கருதிவந்த அக்காலத்தை அறிந்தவன் என்ற முறையில் நான் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். ஆயினும் அது நியூயார்க் அணிகளைப் பற்றி நியூயார்க்வாசிகள் பேசிக்கொண்ட நிலையம். அந்த வெற்றியைக் கண்டபின், 1992 ஜனவரி 1 அன்று ஈ.எஸ்.பி.என். ரேடியோ நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. டோனி புரூனோ, கீத் ஆல்பர்மன், சக் வில்சன் ஆகியோர் அதன் ஆரம்பகாலக் குரல்கள். சிகாகோவை அடுத்த நார்த்புரூக்கிலிருந்து ஒன்-ஆன்-ஒன் ஸ்போர்ட்ஸ் என்ற வலையமைப்பும் அதே பத்தாண்டில் இயங்கியது. அதில் பாப்பா ஜோ செவாலியர், புதன்கிழமைகளில் நேயர்கள் தங்கள் குமுறல்களைக் கொட்டித் தீர்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்கியிருந்தார். எவ்வளவு சிறிய குறையானாலும் அவர் அதை முழுதாகக் கேட்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

கேள்வி (வாசகி, மதுரை): அந்நாள்களில் தொலைதூர நிலையங்கள் இரவில் மட்டும் கேட்டன என்கிறார்களே, ஏன்?

பதில்: இரவில் இலங்கை வானொலி நம் வீடுகளில் துலக்கமாகக் கேட்டதற்கும் இதுவே காரணம். பகலில் சூரிய ஒளியால் உருவாகும் அயனி மண்டலத்தின் அடியடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலைகள் மேலடுக்குவரை சென்று திரும்பிப் பல நூறு மைல்களுக்கு அப்பால் இறங்குகின்றன. ஐம்பதாயிரம் வாட் ஆற்றல்கொண்ட ஒரு நிலையம் இரவில் பல மாநிலங்களை எட்டிவிடும்.

கேள்வி (வாசகர், சிங்கப்பூர்): இன்று எல்லா அணிகளுக்கும் போட்காஸ்ட் இருக்கிறது, விரும்பிய நேரத்தில் கேட்கலாம். பழையதை எண்ணி ஏங்க என்ன இருக்கிறது?

பதில்: தாங்கள் சொல்லும் வசதியை நானும் நாள்தோறும் அனுபவிக்கிறேன், ஆட்ட நுணுக்கங்களை இன்றைய போட்காஸ்ட்கள் அன்றைய தொகுப்பாளர்களைவிட ஆழமாக அலசுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் ஏக்கம் அந்த நேயர்களைக் குறித்தது. தம் அணியைப் பற்றி மட்டும் கேட்பவருக்கு வேறொரு ஊர்க்காரரின் துயரம் காதில் விழ வாய்ப்பில்லை. அன்றைக்கு நாடு முழுவதற்கும் ஒரே தொலைபேசி வரிசை. சியாட்டில்காரருக்குப் பின் மயாமிக்காரர், அவருக்குப் பின் யார் வருவார் என்று யாருக்கும் தெரியாது.

1994இல் நான் பென்சில்வேனியாவில் இரவுப் பணியில் இருந்தேன். வேலை முடிந்து இரண்டு மணிக்குக் காரை எடுக்கும்போது, வானொலியின் மஞ்சள் வெளிச்சத்தில் குமிழைத் திருகித் திருகி நிலையத்தைப் பிடிப்பேன்; பாலத்தின் அடியில் போனால் குரல் இரைச்சலில் மூழ்கி, வெளியே வந்ததும் பாதி வாக்கியத்தில் மீளும். அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 14 அன்று, 1904க்குப் பிறகு முதன்முறையாக, ஆண்டின் வாகையரைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் நடைபெறாது என்று அறிவிக்கப்பட்டது.

அன்றிரவு கிளீவ்லாந்திலிருந்து ஒருவர் அழைத்தார். ‘நீண்ட நாள் நேயர், முதல்முறையாக அழைக்கிறேன்’ என்று எல்லோரும் சொல்வதையே சொல்லித் தொடங்கினார். அவருடைய அணி கடைசியாகக் கோப்பையை வென்றது 1948இல். 1954க்குப் பின் உலகத் தொடரை எட்டியதே இல்லை. புதிய மைதானம் திறக்கப்பட்ட அந்த ஆண்டில்தான், வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில், தன் பிரிவில் முதலிடத்துச் சிகாகோவுக்கு ஒரே ஓர் ஆட்டம் பின்னால் நின்றது. ‘என் தந்தை நாற்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறார், அவருக்கு உடல்நிலை சரியில்லை, அடுத்த ஆண்டு இருப்பாரா என்று தெரியவில்லை’ என்றார். வழக்கமாக வாய் ஓயாத தொகுப்பாளர் சில நொடிகள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தந்தையின் பெயரைக் கேட்டு, அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போனார். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

மறு ஆண்டே கிளீவ்லாந்து உலகத் தொடரை எட்டியது. 1995 அக்டோபர் 24 அன்று, சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தைப் பதினோரு இன்னிங்ஸில் 7-6 என்று வென்றது; தொடரை அட்லாண்டாவிடம் இழந்தது பின்னர் நடந்த கதை. அந்த மாதம் முழுவதும், கிளீவ்லாந்திலிருந்து அழைப்பு என்று தொகுப்பாளர் சொல்லும்போதெல்லாம் ஒலியைக் கூட்டிவைத்தேன். ஆனந்தக் கூச்சலிட்டவர்கள் பலர், அழுதவர்கள் சிலர். அந்தக் குரல் வரவில்லை. பெரியவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.