மகள் காலேஜ் சாஃப்ட்பால் கோச்கள் கண்ணில் பட வேண்டும்: பணத்தை எதில் போடுவது?

டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, டிராவல் டீமில் (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் கிளப் அணி) கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள், தேவைப்பட்டால் செகண்ட் பேஸும் ஆடுவாள், படிப்பிலும் கெட்டி. காலேஜிலும் ஆட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டில் இப்போது மூன்று யோசனைகள் ஓடுகின்றன. சில ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கோச்களிடம் கொண்டு சேர்க்கிறோம் என்று சொல்லும் ரெக்ரூட்டிங் நிறுவனத்தில் சேர்ப்பதா, நாடு முழுக்கச் சுற்றும் பெரிய கிளப்புக்கு மாற்றுவதா, இல்லை காலேஜ்களே நடத்தும் கேம்ப்களுக்கு அனுப்புவதா? "எதில் போட்டால் கண்ணில் படுவாள்?" என்று கேட்கிறார்.

மூன்றில் எதற்கும் இந்த மாதம் பணம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் மகள் உட்கார்ந்து முப்பது காலேஜ்கள் கொண்ட ஒரு பட்டியல் போடட்டும். பட்டியல் இல்லாமல் எங்கே பணம் போட்டாலும் பாதி வீண்தான். ஏன் என்று சொல்கிறேன்.

கோச்கள் எப்படி ஆள் பார்க்கிறார்கள் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. நன்றாக ஆடினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காலேஜ் சீசன் பிப்ரவரியில் தொடங்கி, கடைசிவரை போகும் அணிகளுக்கு ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் உலகத் தொடரோடு (காலேஜ் அணிகளின் தேசியப் பட்டத்துக்கான தொடர்) ஜூன் தொடக்கத்தில்தான் முடிகிறது. உங்கள் மகள் ஹைஸ்கூல் அணிக்கு ஆடும் அதே மாதங்களில் கோச்சுக்கும் தலைக்கு மேல் வேலை. ஆகவே அவர் வெளியே வந்து ஆள் பார்ப்பது பெரும்பாலும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும், டிராவல் டீம்கள் ஆடும் ஷோகேஸ்களில், அதாவது கோச்கள் வந்து பார்ப்பதற்கென்றே நடத்தும் போட்டிகளில். அங்கே ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து மைதானங்களில் ஆட்டம் நடக்கும். வருகிற கோச் கையில் ஏற்கெனவே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும்: எந்த மைதானம், எத்தனை மணி, எந்த எண் ஜெர்சி என்று குறித்து வைத்திருப்பார். அந்தப் பெயர்களைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது. தற்செயலாக ஒரு பெண்ணைப் பார்த்து அசந்துபோய் நிற்பதும் நடக்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. அந்தப் பெயர்ப் பட்டியலில் உங்கள் மகள் பெயர் முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும். அதை ஏற்ற இரண்டு வழிகள்தான் உண்மையில் வேலை செய்கின்றன: அவளே அனுப்பும் மின்னஞ்சல், அவளுடைய கிளப் கோச் பேசும் ஒரு தொலைபேசி அழைப்பு.

பட்டியல் எப்படிப் போடுவது? ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, காலில் அடிபட்டு முதல் வருடத்தோடு சாஃப்ட்பால் நின்றுபோனாலும் இங்கேயே படிப்பேன் என்று அவள் சொல்லக்கூடிய இடங்களை எழுதச் சொல்லுங்கள். என்ன படிக்க ஆசை, எவ்வளவு தூரம் போகலாம், வீட்டில் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதையும் சேர்த்துத்தான். அப்புறம் ஒவ்வொரு அணியின் ராஸ்டர் (வீராங்கனைகள் பட்டியல்) பக்கத்தையும் திறந்து எத்தனை கேட்சர்கள், யார் எந்த வருடம் என்று பாருங்கள். உங்கள் மகள் 2029இல் ஹைஸ்கூல் முடிப்பாள். இன்று காலேஜில் முதல் வருடம் இருக்கும் கேட்சர் 2029 வசந்தத்தில் வெளியே போவாள், உங்கள் மகள் அந்த இலையுதிர் காலத்தில் உள்ளே வருவாள். அப்படி இடம் காலியாகிற அணிகள் மேலே வரட்டும். காலேஜ் மாற விரும்பும் வீராங்கனைகள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் இந்தக் கணக்கைச் சில சமயம் கலைத்துவிடும் என்பது உண்மை. இப்போது வீராங்கனைகள் ஒரு வருடம் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் காலேஜ் மாறலாம், பல கோச்கள் பதினேழு வயதுப் பெண்ணைவிட இருபது வயது அனுபவசாலியை விரும்புகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருந்து நிஜாரி கனடி என்ற பிட்சர் 2024இல் டெக்சாஸ் டெக்குக்கு மாறியதும், அந்த அணி அடுத்த வருடமே உலகத் தொடரின் இறுதிப் போட்டிக்குப் போனதும் எல்லோரும் பார்த்ததுதான். அதனால்தான் பத்துப் பெயரோடு நிறுத்தாமல் முப்பது கேட்கிறேன்.

காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு காலேஜ்களை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது, பட்டியலில் மூன்றும் இருக்கட்டும். நம் வீடுகளில் முதல் டிவிஷன் தவிர மற்றதெல்லாம் மட்டம் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். முதல் டிவிஷனில் ஏறத்தாழ 300 சாஃப்ட்பால் அணிகள், மூன்றாவது டிவிஷனில் 400க்கும் மேல். எம்ஐடியும் டஃப்ட்ஸும் எமரியும் ஆடுவது மூன்றாவது டிவிஷனில், டஃப்ட்ஸ் 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று முறை அந்த டிவிஷனின் பட்டம் வென்ற அணி. மூன்றாவது டிவிஷனிலும், ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் படிப்பில் கெட்டியான பெண்ணுக்கு அங்கே கோச்சின் ஆதரவு அட்மிஷனிலேயே பெரிய பலம். பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் அவளுடைய மதிப்பெண்களை கோச் அட்மிஷன் அலுவலகத்திடம் கொடுத்து, இவள் தேறுவாளா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்வார். சாதாரணமாக விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது. மூன்றாவது டிவிஷன் காலேஜ்கள் படிப்புக்காகவும் குடும்ப நிலைமைக்காகவும் கொடுக்கும் உதவியைக் கூட்டிப் பார்த்தால், முதல் டிவிஷனில் கிடைக்கும் துண்டு ஸ்காலர்ஷிப்பைவிட அதிகமாக வருவதும் உண்டு. ஒவ்வொரு காலேஜ் வலைத்தளத்திலும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது, அரைமணி நேர வேலை, போட்டுப் பாருங்கள்.

முழு ஸ்காலர்ஷிப் கனவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களாக முதல் டிவிஷன் அணி ஒன்றுக்கு மொத்தம் 12 ஸ்காலர்ஷிப்தான், அதை இருபது பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025 ஜூனில், காலேஜ் வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றி என்சிஏஏ மீது போடப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தபின், அதில் சேர்ந்த காலேஜ்களில் அணிக்கு 25 பேர் என்று உச்சவரம்பு வந்தது, 25 பேருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதால் எல்லோரும் கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள், பெரிய பணக்கார காலேஜ்களைத் தவிர மற்றவற்றில் அவ்வளவு நிதி இல்லை. அதோடு, 25 பேருக்குமேல் வைத்துக்கொள்ள முடியாததால், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அங்கே சுருங்கிவிட்டது.

சரி, மின்னஞ்சலுக்கு வருவோம். இதை மகள்தான் எழுத வேண்டும், அவளுடைய பெயரில், அவளுடைய முகவரியில் இருந்து. நம் பெற்றோர் ஆர்வத்தில் தாங்களே எழுதிவிடுகிறார்கள், முதல் வரியிலேயே கோச்சுக்குத் தெரிந்துவிடும். தலைப்பு வரியில் 2029, கேட்சர், பெயர், கிளப் பெயர். உள்ளே ஐந்தாறு வரி போதும்: ஏன் அந்தக் காலேஜ் (எல்லோருக்கும் ஒரே வரியை வெட்டி ஒட்டாமல்), ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), உயரம், பாப் டைம் (பந்து கேட்சரின் கையுறையில் பட்டதில் இருந்து இரண்டாம் பேஸில் பிடிபடும்வரை ஆகும் நேரம்), அடுத்து ஆடப்போகும் போட்டிகளின் அட்டவணை, கிளப் கோச்சின் தொடர்பு எண், வீடியோ இணைப்பு. ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் ஒரு வாரம் முன்பு மைதான எண்ணும் நேரமும் ஜெர்சி எண்ணும் சேர்த்து மறுபடி ஒரு சின்ன மின்னஞ்சல். இந்த இரண்டாவது மின்னஞ்சலைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், கோச்சை உங்கள் மைதானத்துக்கு இழுத்து வருவதே அதுதான்.

வீடியோவுக்கு ஸ்டூடியோ வேண்டாம், பாட்டு வேண்டாம், மூன்று நான்கு நிமிடம் போதும், நல்ல வெளிச்சத்தில் ஃபோனில் எடுத்தாலே சரி. கேட்சர் என்பதால் முதல் முப்பது நொடியிலேயே இரண்டாம் பேஸுக்கு அவள் எறிவது வந்துவிட வேண்டும், பந்து கையுறையில் படுவதும் அந்தப் பக்கம் பிடிபடுவதும் இரண்டும் தெரிகிற கோணத்தில், வெட்டாமல். பேட்டர் நிற்கும் ஹோமில் இருந்து இரண்டாம் பேஸ் 84 அடி 10 அங்குலம். பாப் டைம் 1.8 நொடியை ஒட்டி வந்தால் முதல் டிவிஷன் கோச்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 2 நொடிக்கு மேலே இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது, அந்த ஆயிரக்கணக்கான டாலரை ஒரு நல்ல கேட்சிங் பயிற்சியாளரிடம் கொடுப்பதுதான் உபயோகம். பிளாக்கிங் (தரையில் பட்டு வரும் பந்தை உடம்பால் தடுப்பது), ஃப்ரேமிங் (ஸ்ட்ரைக்காகத் தெரியும்படி பந்தைப் பிடிப்பது), அப்புறம் பேட்டிங் இரண்டு கோணத்தில், கடைசியில் செகண்ட் பேஸில் தரையோடு வரும் நாலைந்து பந்துகளை எடுப்பது. நேரத்தை நீங்களே கூட்டிக் குறைத்துப் போடாதீர்கள், கோச் வீடியோவை நிறுத்தி அளந்து பார்ப்பார்.

முதல் டிவிஷனில் இருந்து இப்போதைக்குப் பதில் வராது. இதற்குத் தயாராக இருங்கள், மகளையும் தயார் செய்யுங்கள். 2018இல் வந்த என்சிஏஏ விதிப்படி முதல் டிவிஷன் சாஃப்ட்பாலில் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை ரெக்ரூட்டிங் பேச்சே கூடாது. அதற்கு முன்பெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒரு காலேஜில் சேர வாய்மொழியாக ஒப்புக்கொண்ட காலம் இருந்தது, அந்தக் கூத்தை நிறுத்த வந்த நல்ல விதி இது. உங்கள் மகளுக்கு அந்த நாள் 2027 செப்டம்பர் 1. அதுவரை கேம்ப் அழைப்பும் விவரப் படிவமும் அனுப்பலாம், ஆட்டத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது டிவிஷனில் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஜூன் 15இல் இருந்து அழைக்கலாம். மூன்றாவது டிவிஷனில் மின்னஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் இப்படி ஒரு நாள் கெடு இல்லை, அங்கிருந்து முதலில் பதில் வரும், அதைச் சாதாரணமாக நினைத்து ஒதுக்காதீர்கள். முதல் டிவிஷன் கோச்சுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, சொன்ன நேரத்துக்குச் சொன்ன மைதானத்துக்கு அந்தக் காலேஜில் இருந்து யாராவது வந்தார்களா என்பது. காலேஜ் சின்னம் போட்ட சட்டையில்தான் வருவார்கள், கிளப் கோச்சைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது உங்கள் மூன்று யோசனைகள். ரெக்ரூட்டிங் நிறுவனம் செய்வதில் பெரும்பகுதி நான் மேலே சொன்னதுதான், ஒரு பக்கம் உருவாக்கி, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவார்கள். மொத்தமாக வருவது மொத்தமாகவே குப்பைக்கும் போகும். பெற்றோர் இருவருக்கும் நேரமே இல்லை, கிளப் கோச்சும் உதவுவதில்லை என்றால் மட்டும் யோசிக்கலாம். ஒன்று கவனமாக இருங்கள்: வாங்கித் தரும் ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் என்று யாராவது கட்டணம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். என்சிஏஏ விதி அதை அனுமதிப்பதில்லை, மகளின் தகுதிக்கே ஆபத்து.

கேம்ப் பற்றி. முதல் டிவிஷன் காலேஜ் கேம்ப்கள் விதிப்படி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், ஆகவே வாரம் இரண்டு அழைப்பு வருவதை யாரோ மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். கட்டணத்தில்தான் பல உதவிப் பயிற்சியாளர்களுக்குக் கூடுதல் வருமானமும் வருகிறது. அதே நேரம், பட்டியலில் மேலே இருக்கும் ஒரு காலேஜின் கேம்புக்கு, மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் ஒருமுறையாவது ஆட்டத்தைப் பார்த்தபின் போவது நல்ல செலவு. அந்தக் கோச் எப்படிக் கத்துகிறார், தோற்ற பெண்ணிடம் எப்படிப் பேசுகிறார் என்று மகள் நேரில் பார்த்துவிடுவாள். அடுத்த ஒரு வருடத்துக்கு இப்படி இரண்டு மூன்று கேம்ப் போதும், அதில் ஒன்று மூன்றாவது டிவிஷனாக இருக்கட்டும்.

கிளப் மாற்றம்தான் கடினமான முடிவு. பெரிய கிளப்பின் பெயர் உதவும், ஏனென்றால் கொலராடோ, கலிஃபோர்னியா கோடைப் போட்டிகளில் அவர்கள் ஆடும் மைதானத்தைச் சுற்றி கோச்கள் நிற்பார்கள். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு கேட்சர் இருந்து, உங்கள் மகள் வாரத்துக்கு இரண்டு இன்னிங்ஸ் மட்டும் ஆடினால், யார் வந்து நின்றும் பயன் இல்லை. ட்ரைஅவுட்டுக்கு (அணித் தேர்வுக்கு) முன்பே கேளுங்கள்: எத்தனை கேட்சர்கள் எடுக்கப் போகிறீர்கள், போன வருடம் முடித்த பெண்கள் எந்தெந்தக் காலேஜ் போனார்கள், கோச்களிடம் நீங்களே தொலைபேசியில் பேசுவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் பழைய கிளப்பிலேயே இருங்கள். டெக்சாஸிலும் பக்கத்து மாநிலங்களிலும் நடக்கும் ஷோகேஸ்களுக்கே, உங்கள் பட்டியலில் இருக்கும் பாதிக் கோச்கள் வருவார்கள்.

மைதானத்தில் உங்கள் பங்கு சின்னது. பையை அவளே தூக்கட்டும். கேட்சருக்குப் பின்னால் இருக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா தமிழில் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், மொழி புரியாவிட்டாலும் கோச்சுக்கு நடப்பது புரியும். ஸ்ட்ரைக் அவுட் ஆனபின் அடுத்த இன்னிங்ஸில் பிட்சரிடம் அவள் எப்படிப் பேசுகிறாள் என்பதை, கேட்சர் என்பதால், மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கவனிப்பார்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு உள்ள விஷயம் என்பதால் விசாவையும் சொல்கிறேன். மகள் எச்-4இல் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கத் தடை இல்லை. மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது, ஆகவே செலவுக் கணக்கை காலேஜின் சொந்த உதவியை மட்டும் வைத்துப் போடுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், காலேஜ் நடுவில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டி வரும். பெயரை வைத்துச் சம்பாதிக்கும் என்ஐஎல் பணம் வேலையாகக் கருதப்படலாம், ஒரு டாலர் வாங்குவதற்கு முன்பும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணே கணக்கில் வருகிறது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். முதல் டிவிஷனுக்கு 16 கோர் பாடங்களும் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்றவை) அவற்றில் 2.3 ஜிபிஏவும் குறைந்தபட்சம். அவளுக்கு அது கஷ்டமே இல்லை, ஆனால் எடுக்கும் பாடங்கள் என்சிஏஏ ஏற்கும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பள்ளி கவுன்சலரிடம் இந்த செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

முப்பது பெயர்களை அவளே எழுதி, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரியும் போட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எந்தப் பத்துப் பேருக்கு முதலில் எழுதலாம் என்று சொல்கிறேன்.