என்இஎஸ் கன்சோலில் சிவப்பு விளக்கு ஏன் விட்டு விட்டு எரிகிறது?

என்இஎஸ் என்பது 1985-இல் நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய வீடியோ கேம் கன்சோல். விளையாட்டு, கேட்ரிட்ஜ் எனும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கும்.

1983-இல் அங்கே வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டதால், பொம்மை போலத் தெரியாமல் விசிஆர் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) போல இருக்கட்டும் என்று முன்பக்கம் செருகும்படி வடிவமைத்தார்கள். வம்பு அங்கேதான். கேட்ரிட்ஜை உள்ளே தள்ளி, கீழே அழுத்தும்போது 72 பின்கள் வளைந்து அதைப் பிடிக்கின்றன. நாளடைவில், பழைய துணி கிளிப் போலப் பிடி தளர்ந்துவிடும்.

கன்சோலிலும் கேட்ரிட்ஜிலும் ஆளுக்கொரு பூட்டுச் சிப் உண்டு; அனுமதியில்லாத கேட்ரிட்ஜ்களைத் தடுக்க வைத்தது. தொடர்பு சரியில்லாவிட்டால் அது ஏறக்குறைய நொடிக்கொரு முறை கன்சோலை ரீசெட் செய்யும். விளக்கு மின்னுவது அதனால்தான். 1993-இல் வந்த, மேலிருந்து செருகும் மாடலில் இந்தச் சிப் இல்லை.

காது குடையும் பஞ்சுக் குச்சியை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கேட்ரிட்ஜின் உலோகப் பட்டைகளைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள். அப்படியும் மின்னினால் அந்த 72 பின்கள் உள்ள இணைப்பியை மாற்ற வேண்டியதுதான்.

வாயால் ஊதினால் சரியாகும் என்பது தவறு: கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடுகிறது, எச்சில் ஈரமோ பட்டைகளை அரிக்கும்.