மதப்பற்றும் ஆன்மிகமும்: வடலூரை வைத்து ஒரு பதில்

மதப்பற்று உள்ளவருக்கும் ஆன்மிகவாதிக்கும் என்ன வித்தியாசம், இரண்டில் எது மேல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதம் என்றால் கோயில், சடங்கு, விரதம். ஆன்மிகம் என்றால் தன்னை அறிவது. முன்னதைவிடப் பின்னது உசத்தி. வழக்கமாகக் கிடைக்கும் பதில் இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. இப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேர் விடியற்காலையில் எழுந்து கோயிலுக்குப் போகச் சோம்பல்படுகிறவர்கள் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. சரி, அதை விடுங்கள்.

அத்தை வீடு நெய்வேலியில் இருந்ததால் சின்ன வயதிலேயே வடலூர் எனக்குப் பழக்கம். இந்தக் கேள்வியைப் பார்த்தால் முதலில் அந்த ஊரில் தருமசாலையும் ஞானசபையும் அமைத்த வள்ளலார்தான் ஞாபகத்துக்கு வருவார்.

அவர் தொடக்கத்தில் அசல் சைவர். கந்தகோட்டத்து முருகன், திருவொற்றியூர்த் தியாகராசர், சிதம்பரம் நடராசர் என்று உருகி உருகிப் பாடியவர். அதே மனிதர் 1872-ல் எழுதிய அருட்பெருஞ்ஜோதி அகவல் என்ற நீண்ட பாட்டில் "சாதியும் மதமும் சமயமும் பொய்" என்கிறார். அடுத்த வருடம் வடலூருக்குப் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் பேசியபோது, சைவத்தின் மேல் தனக்கு ஒருகாலத்தில் இருந்த பற்றுக்கு அளவே இல்லை, இப்போது அது போய்விட்டது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

என் கணக்கில் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பெரியவர்கள் சொன்னதை நம்பி அதன்படி நடப்பது மதப்பற்று. சொன்னது உண்மையா என்று நாமே பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு வந்துவிட்டால் அது ஆன்மிகம். அந்த அரிப்பு வந்தவருக்குப் பழைய ஆட்களின் துணை எப்போதும் மிஞ்சும் என்று சொல்ல முடியாது. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்றும் திருமுறை என்றும் அழைக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் எதிர்த்தார். தேவார திருவாசகத்துக்கு உரிய இடத்தை நேற்று எழுதிய பாட்டுக்குக் கொடுப்பதா என்பது அவர் கோபம். சண்டை கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

இதில் வள்ளலார் நல்லவர், நாவலர் கெட்டவர் என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் 1876-77 பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்ற ஏற்பாடு செய்தவர் இதே நாவலர்தான். பத்து வருடம் முன்னால், 1867-ல், வடலூரில் தருமசாலை தொடங்கி வள்ளலார் சோறு போட்டார். மரபை ஒரு எழுத்துகூட விட்டுக்கொடுக்காதவரும், மரபே வேண்டாம் என்றவரும் செய்தது ஒரே வேலை. அதனால் கருணை ஆன்மிகவாதிக்குத்தான் வரும், மதவாதி வெறும் சடங்கு ஆள் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

வடலூருக்குள்ளேயே இன்னொரு வேடிக்கை. ஜோதி தரிசனம் நடக்கும் ஞானசபைக்குள் உயிர்க்கொலையும் புலாலும் விட்டவர்கள்தான் போகலாம், வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தருமசாலைக்கு அந்த நிபந்தனை கிடையாது. பந்தியில் உட்கார்ந்தால் இலை போடுவார்கள், சாம்பார் ஊற்றுவார்கள், என்ன சாதி என்று யாரும் கேட்கமாட்டார்கள். முந்தின நாள் கறிக்குழம்பு சாப்பிட்டவனுக்கும் அங்கே சோறு உண்டு. தரிசனத்துக்குத்தான் விதி, பசிக்கு இல்லை என்று பிரித்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் மதமே வேண்டாம் என்றவரின் இடத்திலும் இன்று நாள், நட்சத்திரம், கொடி எல்லாம் இருக்கிறது. ஞானசபையில் ஜோதியை மறைத்திருக்கும் ஏழு திரைகளில் மாதப் பூசத்துக்கு ஆறு விலகும், தைப்பூசத்துக்கு மட்டும் ஏழும் விலகும். இதைச் சிலர் கேலி செய்வார்கள். நான் செய்யமாட்டேன். 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் இருக்கிறது என்றால், ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கேள்வி கேட்காமல் விறகு வைத்திருக்கிறார். அதற்கு ஞானம் போதாது, வழக்கம் வேண்டும். வழக்கத்தைக் கட்டிக்காப்பதில் மதத்தை மிஞ்ச ஆளில்லை. அதே வழக்கம் தடம் மாறியும் போகும். ஜோதி வழிபாட்டுக்கென்று அவர் கட்டிய சபையில் லிங்க வழிபாடு நுழைந்து, 2006-ல் அறநிலையத் துறை அது அவர் வகுத்த முறைக்கு மாறானது என்று உத்தரவு போட வேண்டி வந்தது. அப்புறம் அதுவும் உயர் நீதிமன்றம் வரை போனது.

எது மேல் என்று கேட்டதற்கு: உங்களுக்கு அந்த அரிப்பு வரவில்லை என்றால் குறையொன்றும் இல்லை, அம்மா சொல்லிக்கொடுத்த சஷ்டி விரதத்தையே ஒழுங்காக இருங்கள். வந்துவிட்டது என்றால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கமாட்டீர்கள். வடலூரை நேரில் பார்க்க நினைத்தால் தைப்பூசத்துக்குப் போகாதீர்கள், கூட்டத்தில் ஒன்றும் பிடிபடாது. சாதாரண நாள் ஒன்றில் மதியம் போய்த் தருமசாலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.