அன்றைக்கு சான்டோரினியில் இன்னும் எத்தனை கப்பல் நிற்கும்?

மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வருகிற ஜூலையில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஏழு நாள் குரூஸில் குடும்பத்தோடு போகிறோம். கிரீஸின் சான்டோரினித் தீவில் காலை 8 முதல் மாலை 6 வரை கப்பல் நிற்கிறதாம். முன்பு போய்வந்த தோழி, கேபிள் கார் வரிசையிலேயே இரண்டு மணி நேரம் போனது என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி, நீண்ட நேரம் நிற்க முடியாது. அன்றைக்கு வேறு எத்தனை கப்பல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?"

உண்டு. பத்து நிமிட வேலை, காசு செலவும் இல்லை. ஆனால் கப்பல்களை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கல்யாண வீட்டு வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிவிட்டு உலை வைக்க முடியுமா, எத்தனை இலை போட வேண்டும் என்றுதானே பார்ப்போம். அந்த மாதிரிதான் இதுவும்.

முதலில் தேடுவது எப்படி என்று பார்க்கலாம். குரூஸ்மேப்பர், குரூஸ்டைம்டேபிள்ஸ், குரூஸ்டிக் என்று சில தளங்கள் இருக்கின்றன. துறைமுகத்தின் பெயரையும் மாதத்தையும் கொடுத்தால் அந்தத் தேதியில் வரும் கப்பல்களின் பெயர்கள் வரும், பெரும்பாலும் வரும் நேரமும் கிளம்பும் நேரமும் சேர்ந்தே இருக்கும். சான்டோரினி என்று தேடிக் கிடைக்காவிட்டால் அந்தத் தீவின் இன்னொரு பெயரான தீரா என்று தேடுங்கள். உங்கள் கப்பலின் பெயர் அந்தப் பட்டியலில் சரியான நேரத்தோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவே இல்லையென்றால் அந்தப் பட்டியலை நம்பிப் பயனில்லை, அடுத்த தளத்துக்குப் போங்கள்.

இந்தத் தளங்கள் எல்லாம் கப்பல் நிறுவனங்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னதாகவே வெளியிடும் பயணத் திட்டங்களைத் திரட்டிப் போடுபவைதான். அதனால் ரத்தான பயணம் பட்டியலில் அப்படியே கிடக்கும், யாரோ மொத்தமாக வாடகைக்கு எடுத்த கப்பல் பட்டியலுக்கே வராமல் போகும். ஒரே தேதிக்கு இரண்டு தளங்களைப் பாருங்கள். இரண்டிலும் இருக்கும் கப்பலை நம்பலாம். ஒன்றில் மட்டும் இருப்பதற்கு அந்தக் கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போய், அதே வாரத்தில் அந்தக் கப்பல் எங்கெங்கே போவதாக விற்கிறார்கள் என்று பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெயர்கள் கிடைத்ததும் ஒவ்வொரு கப்பலும் எத்தனை பேரை ஏற்றும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் சறுக்குகிற ஒரு இடம் உண்டு. ஒரு கப்பலுக்கு இரண்டு எண்ணிக்கை இருக்கும். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கு ஒன்று, மேல்படுக்கை, சோபாப் படுக்கை எல்லாம் நிறைந்தால் வரும் உச்சக் கணக்கு இன்னொன்று. ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள், முதல் கணக்கில் 5,610 பேர், உச்சத்தில் 7,600 பேர். சின்ன வித்தியாசமா இது? அந்தக் கப்பல் உங்கள் வழியில் வராது, உதாரணத்துக்குச் சொன்னேன். ஜூலையில் பள்ளி விடுமுறை, பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள்தான் அதிகம், அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. மறுபக்கம், 350 பேர் மட்டுமே வரும் பாய்மரச் சொகுசுக் கப்பலும் பட்டியலில் ஒரு வரியாகத்தான் நிற்கும். "ஐயோ, ஐந்து கப்பல்" என்று பதறுவதற்குமுன் கூட்டிப் பாருங்கள், அதில் மூன்று சின்னதாக இருக்கும்.

சான்டோரினியில் ஒரு நாளைக்கு குரூஸ் பயணிகள் 8,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் கூட்டல் அதைத் தாண்டிப் போனால், ஏதாவது ஒரு கப்பல் நாள் மாறவோ நேரம் மாறவோ வாய்ப்பிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 8,000-க்கு உள்ளே இருந்தால் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

சான்டோரினி ஒரு எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு. கடல் அங்கே படு ஆழம், பெரிய கப்பல் வந்து அணையத் துறையும் இல்லை. கப்பல்கள் வெளியே நிற்கும், உள்ளூர்ப் படகுக்காரர்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஃபிரா ஊருக்கு நேர் கீழே இருக்கும் பழைய துறைமுகத்தில் விடுவார்கள். அங்கிருந்து ஊர் சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போக மூன்றே வழி: கேபிள் கார், அறுநூறுக்குக் கொஞ்சம் குறைவான படிகள், அதே படிகளில் கழுதை. படிகள் கழுதைச் சாணத்தோடு வழவழவென்று கிடக்கும், முழங்கால் வலிக்காரருக்கு இறங்குவதற்குக்கூட அதைச் சொல்ல மாட்டேன். கழுதைச் சவாரி யாருக்குமே வேண்டாம் என்பது என் கட்சி.

மிச்சம் கேபிள் கார். பக்கத்துக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், ஆக ஒரு தடவைக்கு 36 பேர் மேலே போவார்கள், 36 பேர் கீழே வருவார்கள். பயணம் மூன்று நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு ஒரு பக்கம் சுமார் 600 பேர், அவ்வளவுதான். இப்போது அன்றைக்கு 4,200, 2,900, 650 பேர் கொண்ட மூன்று கப்பல் வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 7,750, வரம்புக்கு உள்ளேதான். அதில் பாதிப் பேர் மட்டும் சொந்தமாகச் சுற்றக் கிளம்பினாலும் 3,900 பேர் ஆகிறது, அத்தனை பேரையும் மேலே ஏற்ற ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். உங்கள் தோழி கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை.

அந்த மற்றப் பாதிப் பேர், அதாவது கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்கியவர்கள், வழக்கமாக அதினியோஸ் என்ற வேறு துறைமுகத்தில் இறங்கிப் பேருந்தில் மேலே போகிறார்கள். ஏறும்போது வரிசையே கிடையாது. ஆனால் சுற்றி முடித்ததும் பேருந்து பெரும்பாலும் அவர்களை ஃபிராவில் இறக்கிவிட்டு, கையில் ஒரு கேபிள் கார் சீட்டைக் கொடுத்துப் போய்விடும்! ஆக, காலையில் ஏறுகிற கூட்டம் பாதி என்றால் மாலையில் இறங்குகிற கூட்டம் முழுசு. வரிசைப் புகார்களில் நிறைய இந்த இறங்கும் வரிசையைப் பற்றியவைதான்.

அதனால்தான் நேரங்களையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். உங்களுக்கு முக்கியம், 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் கிளம்பும் மற்றக் கப்பல் உண்டா என்பது. கடைசிப் படகு கப்பல் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போய்விடும், எனவே இரண்டு பெரிய கப்பல் ஒரே நேரத்தில் கிளம்புகிறது என்றால் 3 மணியிலிருந்து 5 மணிவரை எல்லோரும் மேலே ஒரே கேபிள் கார் வரிசையில் நிற்பார்கள். மாறாக, மாலை 3 மணிக்கு வந்து இரவு போகும் கப்பல் பட்டியலில் இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அவர்கள் ஏறுகிற பக்கம், நீங்கள் இறங்குகிற பக்கம், இரண்டு வரிசையும் வேறு. பிரேயஸிலிருந்தும் ஏதென்ஸுக்குப் பக்கத்து இன்னொரு துறைமுகமான லாவ்ரியோவிலிருந்தும் மூன்று, நான்கு நாள் பயணம் போகும் கப்பல்கள் பலவும் இப்படி மாலையில் வருபவைதான், சூரிய அஸ்தமனம் பார்க்க. ஜூலையில் சூரியன் மறைய எட்டரை மணி போல ஆகும், உங்கள் கப்பலுக்கு அது கிடையாது, அதைப் பற்றி ஏமாற்றம் இருந்தால் இப்போதே பட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எப்போது எப்போது பார்ப்பது? இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இப்போதே, ஏனென்றால் அதே கப்பல் அடுத்த வாரமும் இதே ஊருக்கு வரும், அந்த வாரம் கூட்டம் குறைவாக இருக்கலாம். பதிவு செய்துவிட்டீர்கள் என்றால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பும், கடைசி வாரத்திலும் பார்த்தால் போதும். நடுவில் மாற்றங்கள் வரும். 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல் துறைமுகங்களைக் கைவிட்ட கப்பல்கள் கிரீஸ், சைப்ரஸ், துருக்கி என்று திரும்பின, பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு அது தெரிந்திருக்காது. அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்கிற வடக்குக் காற்று பலமாக அடிக்கும், காற்று மோசமானால் ஒரு தீவை விட்டுவிட்டு நேரே அடுத்த தீவுக்குப் போய்விடுவார்கள். உங்கள் கப்பலுக்கும் அது நடக்கலாம், பயண ஒப்பந்தத்தில் அதற்கு இடம் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள்.

சான்டோரினி போவதற்கு முந்தைய இரவு கப்பலில் இணையம் இருந்தால் மரைன்டிராஃபிக் அல்லது வெசல்ஃபைண்டர் பாருங்கள். கப்பல்கள் அனுப்பும் சமிக்ஞையை வைத்து எது எங்கே போகிறது என்று நேரலையில் காட்டும். இரண்டு எச்சரிக்கை. போகுமிடம் என்று காட்டுவது கப்பல் ஊழியர்கள் கையால் பதிவது, பழையதாகவே நிற்கலாம், அதனால் கப்பல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதையும் பாருங்கள். பயணிகள் கப்பல் என்று வடிகட்டினால் தீவுகளுக்கிடையே ஓடும் ஃபெர்ரிகளும் சேர்ந்து வரும், கிரீஸில் அவை ஏராளம். அவை அதினியோஸுக்குப் போகிறவை, உங்கள் கேபிள் கார் கணக்கில் வராது.

வேறு ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதே கணக்கு எல்லா இடத்திலும் இப்படி வராது. ரோமுக்கான துறைமுகமான சிவிடவெக்கியாவில் ஆறு கப்பல் நின்றாலும் ஆட்கள் பெரிய நகரத்தில் கரைந்துவிடுவார்கள், காலை ரயில்தான் நெருக்கும். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் ஒரே சமயத்தில் இரண்டு கப்பல், 4,000 பயணிகள் என்று 2019-லிருந்து கட்டுப்பாடு. அலாஸ்காவின் ஜூனோவில் 2024-லிருந்து நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்தான், 2026-லிருந்து அதோடு ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற படுக்கைக் கணக்கிலும் வரம்பு சேர்ந்திருக்கிறது: நாளுக்கு 16,000, சனிக்கிழமை மட்டும் 12,000. அலாஸ்கா போகிறவர்கள் குரூஸ் லைன் ஏஜென்சீஸ் ஆஃப் அலாஸ்கா வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள், எந்தக் கப்பல் எந்தத் துறையில் என்பது வரை அதில் இருக்கும். துறை ஏன் முக்கியம் என்றால், கெச்சிக்கனில் சில கப்பல்கள் ஊருக்கு வெளியே வார்ட் கோவ் என்ற இடத்தில் அணைகின்றன, அந்தப் பயணிகள் பேருந்தில்தான் ஊருக்குள் வருவார்கள். மெக்சிகோவின் கோசுமெலில் மூன்று தனித்தனித் துறைகள் இருக்கின்றன. ஒரே துறைமுகம் என்று பட்டியல் சொன்னாலும் ஒரே தெருவில் இறங்குவதாக அர்த்தமில்லை.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். மொத்தம் 3,000, 4,000 பேர்தான் என்று கணக்கு வந்தால் சொந்தமாகவே போங்கள், முதல் படகுகளில் இறங்கினால் போதும். அதற்கு மேல் போனால் கப்பல் விற்கும் சுற்றுலாவில் காலையிலேயே கிளம்பும் ஒன்றை எடுங்கள், விலை அதிகம்தான், ஆனால் ஏறும் வரிசை மிச்சம். வாங்கும்போது "திரும்புவது ஃபிராவிலிருந்தா, அதினியோஸ் வரை பேருந்தா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரா என்றால் சுற்றுலா முடிந்ததும் கடைத்தெருவில் நிற்காமல் மதியம் ஒரு மணி, ஒன்றரை மணிக்குள் அவரைக் கீழே கூட்டி வந்துவிடுங்கள், உங்களில் யாராவது ஒருவர் கூட வந்தால் போதும், மற்றவர்கள் இருந்து பார்க்கட்டும். படகில் ஏறி இறங்கும்போது அலையில் படகு ஆடும், ஊழியர்கள் கை பிடித்து ஏற்றுவார்கள், சக்கர நாற்காலி என்றால் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சான்டோரினியில் இறங்கும் குரூஸ் பயணிக்கு ஆளுக்கு 20 யூரோ அரசுக் கட்டணம் உண்டு, மைகோனோஸ் தீவிலும் இதே தொகைதான், கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் அதை உங்கள் பில்லில்தான் சேர்க்கும், செலவுக் கணக்கில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.